மெமரி சீட் நகரவில்லையா? மோடியூல் வாங்கும் முன் கார்பெட்டைத் தூக்குங்கள்

ரீகான் வண்டியில் (வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான வண்டி) மெமரி சீட், அதாவது உட்காரும் நிலையை நினைவில் வைத்து நகரும் சீட், நின்றுபோனால், "மோடியூல் (சீட்டை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) போச்சு, மாத்தணும்" என்பதுதான் பல ஃபோர்மேன்களின் முதல் பதில். பேராக் சுங்கை சிப்புட்டில் நாங்கள் திறந்து பார்த்தவற்றில் மோடியூல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதற்குக் கரண்டுதான் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

சீட்டடியில் மஞ்சள் சாக்கெட் இருந்தால் அது ஏர்பேக்குக்கும் பெல்ட்டுக்கும் உரியது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். மஞ்சளில் மீட்டர் வைக்கவே வேண்டாம். சீட் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு பெரும்பாலும் ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். சீட்டைக் கழற்ற வேண்டிய போல்ட்டை மறைத்தபடி சீட் நின்றுவிட்டதா? மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மோட்டார் பக்கத்துத் தடித்த இரண்டு வயருக்குத் தனி பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து நகர்த்தலாம்.

அடுத்தது கார்பெட். ஏர்கான் தண்ணீர்க் குழாய் செம்மண் தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே வடியும். மோடியூல் சாக்கெட்டின் உலோக ஊசிகளில் பச்சை பூத்திருக்கும், எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும். செம்பனைத் தோட்டத்து ஓரம் நிறுத்தும் வண்டியென்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. துருப்பிடித்த இணைப்பிலும் அது 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. மோடியூலுக்கு வரும் கரண்ட் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் பல்பைக் கட்டிப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் கோளாறு இணைப்பில்தான்.

ஓரிரு விநாடி நகர்ந்து நின்றுவிடுகிற சீட் வேறு கதை. மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார் (காந்தத்தால் சுழற்சியை அறிவது) அனுப்பும் துடிப்புகளை எண்ணித்தான் மோடியூல் சீட் இருக்கும் இடத்தை அறிகிறது. எண்ணிக்கை வராவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். அந்த சென்சாரின் மெல்லிய வயர்களைப் பாருங்கள்.

சீட்டைச் சூடாக்கும் பட்டனை நம் வெயிலில் யார் தொடுகிறார்கள்? இருந்தாலும் ஒரு வார்த்தை: வெப்பம் அறியும் சென்சார் அறுந்தால் மோடியூல் சூட்டை நிறுத்திவிடும். ஜம்பர் போட்டு ஏமாற்றினால் சீட் கருகும்.

உண்மையிலேயே மோடியூல் போயிருந்தால் ஈப்போ ஹாஃப்கட் கடைக்கு (பழைய வண்டிகளின் உதிரி பாகம் விற்கும் கடை) பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பெட்டி ஒரே மாதிரி இருக்கும். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மாறினால் மெமரி இல்லாத வகையாகவும் இருக்கலாம். சில வண்டிகளுக்கு ஸ்கேனரில் கோடிங்கும் (மோடியூலை வண்டிக்கேற்ப அமைப்பது) வேண்டும். பொருத்திய பிறகு முன், பின், மேல், கீழ், சாய்வு என ஒவ்வொரு திசையிலும் சீட்டைக் கடைசிவரை ஓட்டி, சுவிட்சைச் சில விநாடி விடாமல் பிடியுங்கள். மோடியூலுக்கு எல்லை தெரிந்த பிறகுதான் மெமரி பட்டனில் சேமிக்க முடியும். சில மாடலில் இதையும் ஸ்கேனர்தான் செய்யும்.