மறுபடி கோட்டுக்குள்
மூன்று மாதம் கழித்து இன்று பென்னாகரத்தில் கபடி இறங்கினேன். காயம் பட்ட அன்றைக்கு, எதிரணிப் பக்கம் ரெய்டு போய்த் திரும்பும்போது பின்தொடையில் 'பட்'டென்று ஒரு சத்தம். யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்றே திரும்பிப் பார்த்தேன். தசைக்கிழிவு. நல்லெண்ணெயோடு நீவிவிட வந்த பெரியப்பாவைத் தடுப்பதுதான் பெரும்பாடு. புதுக் கிழிவை நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும் என்றால் கேட்டால்தானே!

மூன்றாவது வாரமே வலி போய்விட்டது. அதுதான் ஏமாற்று, இழுபடும்போது தாங்கும் பலம் தசைக்கு அப்போது வந்திருக்காது. அந்தப் பலத்துக்குத்தான் முட்டிபோட்டு, தம்பி கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சி. முதல் நாள் பாதியிலேயே பாயில் மூக்கு.

இன்று நான்கு ரெய்டு, புள்ளி பூஜ்யம். தொட வேண்டிய ஆளைவிடத் தொடையைத்தான் அதிகம் கவனித்தேன். சரி, ஞாயிறு மறுபடி.