கட்டடத்துக்குக் காசு, ஆளுக்கு இல்லை

பதினொன்றே முக்காலுக்கு முதலாம் வகுப்புப் பிள்ளைகள் மென்சா என்ற பாடசாலைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடி வருவார்கள். அதற்குள் தட்டுகளை அடுக்கி, யாருக்குப் பன்றியிறைச்சி கூடாது, யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஜேர்மனியில் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் முழுநாள் பிரிவில் 14 வருடமாக இதுதான் என் வேலை. சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு. நாலு மணிக்குக் காணாமல்போன கையுறைகளைத் தேடிக் கொடுத்து அனுப்புவது.

பாடசாலைக் கட்டடம் பழையது, மென்சா மட்டும் புதிது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரிடம் காரணம் கேட்டேன். "அது புல்மான் அம்மாவின் காசு" என்றார். யாரோ பணக்காரி நன்கொடை கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

எடெல்கார்ட் புல்மான் பணக்காரி இல்லை, வாத்தியார். 1951 இல் பெட்டர்ஸ்ஹாகனில் பிறந்தவர். இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்ற ஒரு கூட்டுப் பண்ணையில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து, ஹனோவரில் அரசியலும் ஆங்கிலமும் படித்து, அங்கேயே படிப்பித்தார். 1987 இல் சமூக ஜனநாயகக் கட்சி சார்பில் பாராளுமன்றம் போனவர், 2017 வரை 30 வருடம் இருந்தார். 1998 முதல் 2005 வரை கல்வி, ஆராய்ச்சி அமைச்சர். கடைசி நான்கு வருடம் பாராளுமன்றத் துணைத் தலைவர்.

ஆனால் ஜேர்மனியில் மத்திய கல்வி அமைச்சர் என்பது ஒரு விசித்திரமான பதவி. பாடசாலை மாநிலங்களின் சொத்து. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், விடுமுறை எதிலும் பெர்லின் கைவைக்க முடியாது. 2001 டிசம்பரில், பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளைச் சோதித்து ஒப்பிடும் முதல் பீசா ஆய்வு வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. வாசிப்பில் ஜேர்மன் பிள்ளைகளின் சராசரி 484, ஆய்வில் சேர்ந்த வளர்ந்த நாடுகளின் சராசரி 500. அதைவிடச் சுட்டது இன்னொன்று: எந்த வீட்டில் பிறந்தோம் என்பது மதிப்பெண்ணை அவ்வளவு அழுத்தமாகத் தீர்மானித்த நாடுகள் குறைவு. எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள். அவர் கையில் பாடசாலை இல்லை.

அவர் கண்ட வழி காசு. 2003 மே மாதம் மாநிலங்களோடு ஒப்பந்தம் போட்டு, முழுநாள் பாடசாலைகளுக்கென்று 400 கோடி யூரோ ஒதுக்கினார். பிள்ளை வளர்ப்பதைப் பெற்றோரிடமிருந்து அரசு பறிக்கிறது என்று அப்போது சிலர் கோபப்பட்டார்கள். கடைசியில் 8000 க்கும் மேற்பட்ட பாடசாலைகள் பயன்பெற்றன. ஆனால் அரசியலமைப்பு இடம்கொடுத்தது முதலீட்டு உதவிக்கு மட்டும். சுவர் எழுப்பலாம், அடுப்பு வாங்கலாம், கதிரை மேசை போடலாம். அங்கே நின்று சாப்பாடு பரிமாறும் ஆளுக்கு ஒரு சதம் கொடுக்க முடியாது.

அந்த ஆள் நான். என் சம்பளம் மாநிலம், நகரசபை, வருமானத்துக்கு ஏற்பப் பெற்றோர் கட்டும் பணம் என்று வேறு வாய்க்கால்களில் சுற்றி வருகிறது. முதல் ஆறு வருடமும் ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாகத்தான் நீண்டது. கோடை விடுமுறைக்கு ஒரு கிழமை இருக்கும்போது கடிதம் வரும், சிலவேளை விடுமுறை தொடங்கிய பிறகும் வரும். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். 40 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் நிற்கும் நாட்களில், நல்ல அடுப்பைப் பார்த்துக் கோபம்தான் வரும்.

புல்மானுக்கும் மாநில அதிகாரம் என்ற இந்த எல்லைச் சுவர் பல தடவை முட்டியது. இளநிலைப் பேராசிரியர் பதவிக்கு அவர் கொண்டுவந்த சட்டத்தை 2004 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்துச் செய்தது. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அவர் போட்ட தடையும் 2005 ஜனவரியில் விழுந்தது. அதற்குப் பிறகு பல மாநிலங்கள் கட்டணம் வசூலித்தன, அவர் படிப்பித்த ஹனோவர் இருக்கும் நீடர்சாக்சனும் சேர்த்து. வேடிக்கை என்னவென்றால், 2014 வரை கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கைவிட்டதும் அதே நீடர்சாக்சன்தான். 2006 இல் அரசியலமைப்பைத் திருத்தி, மத்திய அரசு பாடசாலைகளுக்கு இப்படிக் காசு கொடுக்கும் வாசலையே மூடினார்கள். அப்புறம் 2019 இல் பாடசாலைகளில் கணினியும் இணையமும் போட அந்த வாசலைக் கொஞ்சம் திறக்க வேண்டிவந்தது.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிறந்த பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்க 2005 இல் முடிவான மேன்மைத் திட்டத்தைச் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது 2001 இல் மாணவர் உதவிப்பணத்தில் அவர் செய்த மாற்றம். அந்தப் பணத்தில் பாதி கடன்; அது எவ்வளவு சேர்ந்தாலும் 10,000 யூரோவுக்கு மேல் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்று அப்போது ஆனது. என் மூத்தவள் பல்கலைக்கழகம் போக விண்ணப்பம் நிரப்பிய இரவில், "கடன் ஏறிக்கொண்டே போகாதா அம்மா?" என்று கேட்டாள். ஏறாது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

2021 இல் வந்த சட்டம், 2026 ஆகஸ்டிலிருந்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழுநாள் இடத்தை உரிமையாக்குகிறது. அடுத்தடுத்த வருடங்களில் நாலாம் வகுப்பு வரை நீளும். எங்கள் கூட்டத்தில் இதைப் பேசியபோது பாடசாலை அதிபர் கதிரை போதுமா என்று கேட்டார். எண்ணிப் பார்த்து, போதும் என்றேன். மதியத்துக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றும் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.