கோபுரத்திலிருந்து மண்டபம் வரை: என்கோடர், டிகோடரோடு ஒரு கும்பாபிஷேக நேரலை

கோயில் நேரலை என்றால் எங்கள் பக்கத்தில் கேமராப் படத்தைச் சுமக்கும் எஸ்டிஐ கேபிளை இழுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். தூரம் கூடினால் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர். கும்பாபிஷேகத்தில் இரண்டும் கைகொடுப்பதில்லை. சாரத்தின் உச்சியில் நிற்கும் கேமராவுக்கும், கேமராக்களின் படங்களை மாற்றி மாற்றித் தரும் மிக்ஸர் வைத்திருந்த வசந்த மண்டபத்துக்கும் இடையே 180 மீட்டர். நடுவில் கருங்கல் மதில், ஒலிபெருக்கிக் கம்பிகள், எல்லார் கையிலும் செல்போன். வயர்லெஸ் படம் ஒத்திகையில் பளிச்சென்று வரும்; கூட்டம் சேர்ந்ததும் உடைந்துபோகும். அதனால் இந்த முறை படத்தை என்டிஐ முறையில் நெட்வொர்க் வழியே கொண்டுவருவது என்று முடிவு செய்து, படத்தை நெட்வொர்க்கில் போகும் டேட்டாவாக மாற்றும் என்கோடர்கள் நான்கையும், அதைத் திரும்பப் படமாக்கும் டிகோடர்கள் மூன்றையும் சென்னையில் வாடகைக்கு எடுத்தேன். என்டிஐ ஒன்றும் புதுச் சரக்கு அல்ல, 2015-இல் நியூடெக் நிறுவனம் வெளியிட்டது. ஆனால் கோயில் வேலைகளில் இன்னும் அதைத் தயங்கித் தயங்கித்தான் தொடுகிறோம். ஏன் தயங்குகிறோம் என்பது இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். பெட்டிகளில் குறை இல்லை. பெட்டிகளுக்கு நடுவே வருகிற சாமான்கள்தான் உயிரை வாங்கின.

கேமராவின் எச்டிஎம்ஐ வயரை என்கோடரில் செருகுவது, பிரேம் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. ஒவ்வொரு என்கோடருக்கும் சாரம், விமானம், யாகசாலை என்று பெயர் வைக்க மட்டும் சோம்பல்படாதீர்கள். பிறந்த பெயரோடு நான்கும் மிக்ஸர் பட்டியலில் வரிசைகட்டி நின்றால் பரபரப்பில் எது எது என்று தெரியாது.

ஒரு என்கோடர் அந்தப் பட்டியலுக்கே வரவில்லை. முன்பு எடுத்துப்போன யாரோ அதில் நிலையான ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் பெட்டியின் விலாசம்) தம் சொந்தக் கடவுச்சொல்லும் வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். கடைக்குப் பேசினால், "அது கஸ்டமர் வைத்தது சார், எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார்கள். ஊசியால் ரீசெட் துளையை அழுத்திப் பிடித்துத்தான் மீட்டோம். வாடகைக்கு எடுப்பவர்கள் கடை மேஜையிலேயே எல்லாப் பெட்டியையும் ரீசெட் செய்து, படம் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுத்தது யாகசாலை. அங்கே இரண்டு கேமராக்கள். வெளியே நிற்கும் பக்தர்களுக்காக ஒரு எல்இடி திரை, அதற்கு ஒரு டிகோடர். எங்கள் நெட்வொர்க் சுவிட்சை (பல பெட்டிகளின் கேபிள்களை ஒன்றுசேர்ப்பது) அங்கே வைக்கத் தனி மின்இணைப்பு கேட்டோம். கோயிலில் கண்காணிப்புக் கேமரா போட்டிருந்த ஒப்பந்தக்காரர் குறுக்கே வந்தார். "என் சுவிட்சில் நான்கு போர்ட் சும்மா கிடக்கிறது. எதற்கு இன்னொன்று?" அலுவலகத்தில் இருந்தவருக்கும் அது நியாயமாகப் பட்டது. இன்னொரு வயர் பிரகாரத்தில் ஓடாது என்றால் அவர்களுக்கு நிம்மதிதானே!

செருகினோம். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் டிகோடரின் பட்டியல் காலி, மண்டபத்தில் மிக்ஸரின் பட்டியலும் காலி. இந்த இடத்தில் ஒரு சின்னச் சோதனை வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும். மடிக்கணினியிலிருந்து என்கோடரின் ஐபி முகவரிக்கு பிங் போட்டு, பதில் வருகிறதா என்று பாருங்கள். பிங் போகிறது, பட்டியலில் மட்டும் பெயர் இல்லை என்றால் கண்டுபிடிக்கும் வேலையில்தான் கோளாறு: என்டிஐ தன் பெயரை எம்டிஎன்எஸ் என்னும் அறிவிப்பு முறை வழியே, யுடிபி 5353 போர்ட்டில் கூவுகிறது, அந்தக் கூவல் ஃபயர்வால் என்னும் பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டியிருக்காது, அல்லது இரண்டு பெட்டிகளும் வேறு வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவில்) இருக்கும். பிங்கே போகவில்லை என்றால் என்டிஐ அமைப்புகளில் கைவைக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ சுவிட்சிலோ ஐபி முகவரியிலோதான். எங்களுக்கு பிங் போகவில்லை.

சுவிட்சின் முகத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தபோது கண்ணில் பட்டது, நகம் அளவு நகர்த்து பொத்தான் ஒன்று. ஒரு பக்கம் 'விலான்', இன்னொரு பக்கம் 'எக்ஸ்டெண்ட்'. கண்காணிப்புக் கேமராவுக்கென்றே வருகிற மலிவான சுவிட்சுகளில் இது சகஜம். விலான் நிலையில் போர்ட்டுகள் ஒன்றையொன்று பார்க்காது. எல்லாம் மேல் இணைப்புக்கான அப்லிங்க் போர்ட்டை மட்டுமே பார்க்கும். அந்த அப்லிங்கில் அவருடைய ரெக்கார்டர் உட்கார்ந்திருந்தது. எக்ஸ்டெண்ட் நிலையில் 250 மீட்டர் வரை கேபிள் இழுக்கலாம், ஆனால் வேகம் 10 மெகாபிட்டுக்குச் சுருங்கிவிடும். அவருக்கு இரண்டுமே சரிதான். நமக்கு இரண்டுமே ஆகாது. 1080பி50 படம் ஒன்றுக்கே முழு என்டிஐயில் 100 மெகாபிட்டுக்கு மேல் போய்விடும்.

பொத்தானை இரண்டுமில்லாமல் நடுவில், இயல்பு நிலைக்குத் தள்ளச் சொன்னேன். "தொட்டால் வடக்கு வீதிக் கேமரா எல்லாம் போய்விடும் தம்பி, பிறகு என்னைக் கேட்பார்கள்" என்று சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு முழு மதியம் போயிருக்காது. கடைசியில் எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று திருச்சியிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. தனி மின்இணைப்பும் தானாகவே கிடைத்தது, அலுவலகத்தாருக்கே அலுத்துவிட்டது போல. சுவிட்சில் மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈதர்நெட் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். படம் காரணமில்லாமல் துள்ளுவதற்குப் பல இடங்களில் அதுதான் காரணம்.

இனி சாரத்துக் கேமரா. தாமிர ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. போதாததற்குச் சாரத்துப் பக்கம் ஒரு ஜெனரேட்டர், மண்டபத்துக்கு வேறொரு ஜெனரேட்டர். இரண்டு எர்த்துக்கு நடுவே தாமிரக் கம்பியை இழுத்தால் போர்ட்டுகள் கருக வாய்ப்புண்டு. ஆக ஃபைபர்தான். ஊர்க் கேபிள் டிவிக்காரர் ஒருவர் டிராப் கேபிள் சுருளையும் ஸ்ப்ளைசிங் மிஷினையும் எடுத்துக்கொண்டு வந்தார். மதில்மேல் நடந்தே கேபிளைக் கட்டிவிட்டு, ஒரு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தபடி இரண்டு முனைகளையும் ஒட்டி முடித்தார். இத்தனை பேரில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடித்தவர் அவர் ஒருவர்தான். வெளியூரில் வேலை என்றால் முதலில் அந்த ஊர்க் கேபிள்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் தயார், லிங்க் வரவில்லை. ஃபைபரை ஈதர்நெட்டோடு இணைக்க வாடகைக் கடை கொடுத்த மீடியா கன்வெர்ட்டர்களைத் திருப்பிப் பார்த்தால், இரண்டின் அடியிலும் 'ஏ' என்று ஒட்டியிருக்கிறது. ஒற்றை இழை ஃபைபரில் 'ஏ' 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும். 'பி' அதற்கு நேர்மாறு. ஜோடி என்றால் ஒன்று ஏ, ஒன்று பி. இரண்டும் ஏ என்றால் இரண்டு பேரும் பேசுவார்கள், கேட்க ஆள் இருக்காது. கடைக்குப் பேசினேன். "ஜோடியாகத்தானே கொடுத்தோம்? எண்ணிப் பாருங்கள், இரண்டு இருக்கும்." என்ன பதில் சொல்வது!

கேபிள்காரர் தம்மிடமிருந்த ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். போட்டதும் படம் வந்தது. நீல வானம், அதில் ஒரு கலசம். மண்டபத்தில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். ஒளிப்பதிவாளர் கேமராவை மெல்லக் கீழே இறக்கி, புதுவண்ணம் பூசிய சுதைச் சிற்பங்கள் அடர்ந்த நிலைக்கு வந்தார். படம் திக்கியது. யாளி ஒன்று பாதி வாயோடு உறைந்து நின்று, பிறகு தாவியது. மேலே ஏற்றினால் சரியாகிறது, கீழே இறக்கினால் மறுபடி திக்கல்.

கடையின் தொழில்நுட்ப ஆளிடம் கேட்டபோது, "பெட்டி சூடாகியிருக்கும் சார், காற்று படும்படி வையுங்கள்" என்றார். சாரத்தில் இருந்த பையன் சிறிது நேரம் பனையோலை விசிறியால் என்கோடருக்கு விசிறிக்கொண்டிருந்தான். யாளி அசையவில்லை.

விஷயம் இதுதான். முழு என்டிஐ ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. வெறும் வானத்தைச் சுருக்கக் கொஞ்சம் டேட்டா போதும். ஆயிரம் விரல்களும் ஆபரணங்களுமாக நிற்கும் கோபுர நிலைக்கு அது போதாது. என்கோடரின் இணையப் பக்கத்தில் லிங்க் வேகம் என்ற வரியைப் பார்த்தேன்: 100. கேபிள்காரர் கொடுத்தது வீட்டு இன்டர்நெட்டுக்கு வைக்கிற 10/100 வகை மீடியா கன்வெர்ட்டர். அவர் மேல் தவறே இல்லை, நல்லெண்ணத்தில் கொடுத்தார். ஆனால் விளக்கு எரிகிறது, படம் வருகிறது என்பதை நம்பி அன்று மூட்டை கட்டியிருந்தால், குடமுழுக்கு நேரத்தில் சிவாசாரியார்கள் கலசத்தைச் சூழ்ந்து நிற்கும்போதுதான் படம் நின்றிருக்கும். எந்த இணைப்பிலும் விளக்கை நம்பாமல் 1000 என்ற எண்ணைக் கண்ணால் பாருங்கள். ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாக கிரிம்ப் ஆகாவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள் என்றால் கேட்கவே வேண்டாம். சோதிக்கும்போது கேமராவை வெள்ளைச் சுவரைப் பார்த்து வைக்காமல், இருப்பதிலேயே நெரிசலான காட்சியைக் காட்டுங்கள்.

கிகாபிட் ஜோடி மறுநாள் பஸ் பார்சலில் வரும் வரை அந்த ஒரு கேமராவை மட்டும் படத்தை இன்னும் அதிகமாகச் சுருக்கும் என்டிஐ எச்எக்ஸ் முறைக்கு மாற்றி, 12 மெகாபிட்டில் ஓட்டினோம். படத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தாமதம்தான் இடித்தது. ஒத்திகையில் குடத்து நீரைச் சாய்த்துக் காட்டினார்கள். விமானத்துக் கேமராவில் நீர் விழுந்து முடிந்தது. சாரத்துக்கு வெட்டினால் அங்கே குடம் அப்போதுதான் சாய்கிறது. ஒரே நிகழ்வை இரண்டு கேமராக்கள் பார்க்கும்போது ஒன்று முழு என்டிஐ, ஒன்று எச்எக்ஸ் என்று கலக்காதீர்கள். எல்லாமே எச்எக்ஸ் என்றால் பாதகமில்லை, ஒலியையும் அதே அளவு தள்ளிப்போட்டுவிடலாம்.

டிகோடர் பக்கம் சிக்கல்கள் சிறியவை. வீதிகளில் இருந்த எல்இடி திரைக்காரர்களில் ஒருவர் "சிக்னலே இல்லை" என்று சாதித்தார். அவருடைய பிராசசர் 60 பிரேமுக்குப் பழகியது, நாங்கள் கொடுத்தது 50. டிகோடரில் 'மூலத்தைப் பின்பற்று' என்பதை எடுத்துவிட்டு 1080பி60 என்று நிலையாக வைத்ததும் படம் வந்தது. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஒரே பிரதியை எல்லாருக்கும் அனுப்பும் மல்டிகாஸ்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு டிகோடரும் மிக்ஸரிடமிருந்து தனக்கென்று ஒரு முழுப் பிரதியைக் கேட்டு வாங்கும். மூன்று திரை என்றால் மூன்று மடங்கு. சரி, மல்டிகாஸ்ட் போடலாம் என்று கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அதை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதி இல்லாத சுவிட்சில் போட்டீர்களானால் எல்லாப் போர்ட்டிலும் படம் வெள்ளமாகப் பாயும். எங்கள் அளவுக்குத் தனித்தனிப் பிரதியே போதும்.

சென்னையில் ஒரு சேனலுக்கும் படம் போக வேண்டும், இணையத்தில் படம் அனுப்பும் எஸ்ஆர்டி முறை வழியாக. அவர்கள் அழைப்புக்குக் காத்திருக்கும் லிசனர், நாங்கள் அழைக்கும் காலர். இணைப்பு ஏற்படவே இல்லை. "போர்ட் திறந்துதான் இருக்கிறது, உங்கள் பக்கம் பாருங்கள்" என்று அவர்களுடைய நெட்வொர்க் பொறியாளர் அடித்துச் சொன்னார். எந்த போர்ட், டேட்டா அனுப்பும் முறை டிசிபியா யுடிபியா என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு தெரிந்தது, திறந்து வைத்திருந்தது டிசிபி. எஸ்ஆர்டி ஓடுவது யுடிபியில். மன்னிப்பு வரவில்லை, "இப்போது பாருங்கள்" என்று மட்டும் வந்தது. தாமத அளவை அதன் இயல்பான 120 மில்லிசெகண்டில் விட்டுவிடாதீர்கள். பிங் நேரத்தைப் போல நான்கு மடங்காவது வையுங்கள். நாங்கள் 500 வைத்தோம். மொபைல் சிம்மை நம்பி லிசனராக உட்காராதீர்கள். பெரும்பாலான சிம்களுக்குச் சொந்தமாகப் பொது ஐபி முகவரி கிடையாது, வெளியிலிருந்து யாரும் உங்களைத் தொட முடியாது.

குடமுழுக்கு அன்று காலை செல்போன் டேட்டா அடியோடு படுத்தது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நேரலை போட வந்திருந்தவர்கள் மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கேபிள்காரரின் ஃபைபர் இன்டர்நெட்டில் எங்கள் படம் போய்க்கொண்டிருந்தது. நீர் ஊற்றுவதற்குச் சற்று முன்பு சாரத்துப் பக்க ஜெனரேட்டரை டீசல் ஊற்றுவதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் அணைத்தார்கள். என்கோடருக்கும் மீடியா கன்வெர்ட்டருக்கும் வீட்டு ரௌட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் மாட்டியிருந்ததால் படம் இமைக்கக்கூட இல்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மின்சாரம் போனதே தெரியாது. என்கோடர் ஒருமுறை அணைந்தால் எழுந்து நெட்வொர்க்குக்குத் திரும்பவே நேரம் பிடிக்கும். அந்த யுபிஎஸ் இல்லையென்றால் கலசத்தில் நீர் விழும் காட்சி சாரத்துக் கேமராவில் இருந்திருக்காது. வாங்கும்போது உங்கள் பெட்டியின் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லா என்கோடரும் 12 வோல்ட் அல்ல.

வாடகைக் கடையில் கணக்கு முடித்தபோது முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்கு என்று ரசீதைப் பார்த்தேன். உபயோகப்படாத அந்த இரண்டு 'ஏ' கன்வெர்ட்டர்களுக்கும் முழு வாடகை போட்டிருக்கிறார்கள், 'மீடியா கன்வெர்ட்டர், ஒரு ஜோடி' என்று.