உள்ளங்கையில் இரண்டு மாத்திரை

ஜூன் 9, செங்கோட்டை

சாரல் பிடித்துவிட்டது. ஆரியங்காவு பக்கமிருந்து காற்று வந்தால் ஊரே குஷியாகிறது. எனக்கு மட்டும் விரல் விறைக்கிறது. பகலிலும் சாக்ஸ் போட்டிருக்கிறேன். தலை வாரினால் சீப்பு கொள்ளாமல் முடி. மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. ஒரு வருஷமாக 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டும் ஏன் இப்படி? நாளைக்கு ரத்தம் கொடுக்கிறேன்.

ஜூன் 11

டி.எஸ்.எச். 11.8. போன அக்டோபரில் 3.1தான் இருந்தது. லேப் தாளில் போட்டிருக்கும் அளவு 0.4 முதல் 4 வரை.

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "கூடித்தானட்டீ இருக்கு, அப்ப மாத்திரையைக் குறைக்கணுமோ?" முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கிற சரக்கு இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "இன்னும் சுர" என்று தைராய்டை விரட்டுவதற்கு அனுப்புவது. தைராய்டு சோரச் சோர இது ஏறும். தைராய்டே சுரக்கிற ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 0.8இல், கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறது.

பக்கத்து வீட்டுச் சேச்சி புனலூர்க்காரர். அவருக்கும் என்னைப் போல ஹாஷிமோட்டோதான், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டை அரிக்கிற நோய். 1912இல் அதை விவரித்து எழுதிய ஜப்பான் மருத்துவரின் பெயர் அது. "பேடிக்கண்டா", பயப்படாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது.

ஜூன் 13

தென்காசி டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் கேட்டது வேறு. "காலையில கண் முழிச்சதுல இருந்து வாயில போடுறதை எல்லாம் வரிசையா சொல்லுங்கம்மா."

சொன்னேன். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு சின்ன மாத்திரை, பக்கத்தில் ஏப்ரலில் இருந்து போடுகிற சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. ஒரே மடக்குத் தண்ணீர். பத்து நிமிஷத்தில் டீ.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பு, குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கால்சியமும் அப்படித்தான். நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீக்கு முன்னால் ஒரு மணி நேரம். அளவை மாற்றவில்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், டி.எஸ்.எச். நிலைக்க ஆறு வாரமாவது வேண்டும், அதனால் எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

தைராய்டுக்கு மருந்து எடுக்கிறேன் என்று சொல்லித்தான் அந்த இரும்பு மாத்திரையை வாங்கினேன். எழுதிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு மாசத்துக்கு மேல் வீணாகப் போச்சு.

ஜூலை 2

ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறுக்கு டீ. குளிர் கொஞ்சம் பரவாயில்லை. மற்றபடி அப்படியேதான்.

ஆகஸ்ட் 9

டி.எஸ்.எச். 3.4! சாக்ஸைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. எல்லாவற்றையும் தைராய்டு தலையில் போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் 11. உடம்பின் இரும்புக் கையிருப்பு காலி. அந்த அசதியும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்குமாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாசம் இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. முடி நிற்க அதற்கப்புறமும் நாளாகும்.

அம்மா வெள்ளை மாத்திரையை என் தலைமாட்டிலும் சிவப்பை அடுப்படி அலமாரியிலும் பிரித்து வைத்திருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பையும் ஒரு நெல்லிக்காயையும் அவளே கையில் கொண்டுவந்து தருகிறாள்.