டெலான்சி பிளேஸில் ஒரு நூல் வணிகரின் வீடு

பிலடெல்பியாவில் ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்துக்கு அருகே, டெலான்சி பிளேஸ் என்னும் மரநிழல் தெருவில் ரோசன்பாக் அருங்காட்சியகம் இருக்கிறது. அரிய முதற்பதிப்புகளையும் எழுத்தாளர்களின் கடிதங்களையும் வாங்கி விற்பதில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈடில்லாதவராக விளங்கிய ஏ. எஸ். டபிள்யூ. ரோசன்பாக்கும் அவருடைய அண்ணன் பிலிப்பும் விற்க மனமின்றித் தங்களுக்கென வைத்துக்கொண்டவற்றுள் பல இங்கே உள்ளன.

நான் முதலில் தேடிப்போனது ஜேம்ஸ் ஜாய்ஸ் கைப்பட எழுதிய ‘யுலிசிஸ்’ நாவலின் கையெழுத்துப்படியை. ஜான் குவின் என்ற நியூயார்க் வழக்கறிஞரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, 1924இல் ரோசன்பாக் அதை வெறும் 1,975 டாலருக்கு எடுத்தார். அதே ஏலத் தொடரில் ஜோசப் கான்ராடின் கையெழுத்துப்படிகள் மொத்தமாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டின. எல்லாம் அவர் குவினிடம் முன்பே விற்றுவிட்டவை என்பதால், அப்போது உயிரோடிருந்த கான்ராடுக்கு அந்த லாபத்தில் பங்கில்லை. தம் படைப்பு இவ்வளவு மலிவாகப் போனதில் மனம் புழுங்கிய ஜாய்ஸ், ரோசன்பாக்கைக் கேலி செய்து ஒரு செய்யுளே எழுதினார். ஏல விலை அன்றைய ரசனையை அளக்குமே தவிர எழுத்தை அளக்காது என்று எனக்குத் தோன்றியது.

பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’வுக்காக எடுத்த குறிப்புகளும் இங்கேதான் உள்ளன. 1913இல் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் அவை இரண்டு பவுனுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே விலைபோயின. கதையின் பிரபுவுக்கு முதலில் இட்ட ‘வாம்பயர்’ என்ற பெயரை அடித்துவிட்டு ‘டிராகுலா’ என்று மாற்றியதைத் தாளிலேயே காணலாம். அச்சான முதற்பதிப்பு எவ்வளவு அரியதானாலும் இந்த அடித்தலும் திருத்தலும் அதில் இருக்காது. கடிதங்களிலும் இதே கணக்குத்தான்: வெறும் கையொப்பம் உள்ள சீட்டைவிட, எழுதிக்கொண்டிருக்கும் நூலைப் பற்றி மனம்விட்டுப் பேசும் கடிதத்தையே சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள்.

ரோசன்பாக்கின் புகழ்பெற்ற கொள்முதலை மட்டும் இங்கே தேட வேண்டாம். லூயிஸ் கரோல் தம் கையால் எழுதி, படம் வரைந்து, ஆலிஸ் லிடெல் என்ற சிறுமிக்கு 1864இல் பரிசளித்த, ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ நூலின் முதல் வடிவமான கதையை, முதுமையில் ஆலிஸே 1928இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். 15,400 பவுனுக்கு எடுத்த ரோசன்பாக் அதை ஓர் அமெரிக்கச் செல்வந்தரிடம் விற்றார். அந்தச் செல்வந்தர் மறைந்தபின் ரோசன்பாக்கே மீண்டும் ஏலத்தில் எடுத்தார். ஹிட்லரை எதிர்த்து நின்றதற்கு நன்றியாக, அமெரிக்கர் சிலர் நிதி திரட்டி 1948இல் அதைப் பிரிட்டனுக்கே கொடுத்தார்கள். இப்போது அது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

முன்பதிவு செய்தால், கைகளைக் கழுவிக்கொண்டு சில ஆவணங்களைத் தொட்டுப் பார்க்கும் அமர்வுகளிலும் கலந்துகொள்ளலாம். ஜாய்ஸ் அன்பர்கள் ஜூன் 16ஐ ஒட்டிப் பயணத்தைத் திட்டமிடுவது நல்லது. நாவலின் கதை நிகழும் அந்த நாளில், இதே தெருவில் அதன் பகுதிகளை உரக்க வாசிக்கிறார்கள்.