டார்வினும் புனித அன்னாளும்

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலயத் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்துகிற நீ பரிணாமத்தை எப்படி ஏற்கிறாய் என்று பினாங்கு அண்ணன் ஒருவர் கேட்டார். ஏன் கூடாது? மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு துறவி. அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய லெமேத்தர் கத்தோலிக்கப் பாதிரியார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலே எழுதிவிட்டார். ஆதியாகமத்தின் ஆறு நாள்களை எழுத்துக்கு எழுத்து நம்பும் சபைகளும் உண்டு. உயிரியல் பாடத்தில் கைவைக்காதவரை எனக்குச் சண்டையில்லை.

அற்புதமா? உயிர்த்தெழுதலை நம்புகிறேன். ஆனால் காய்ச்சலுக்குத் தீர்த்தம் போதும் என்பவரை முதலில் கிளினிக்குக்கு அனுப்புவேன்.

இதில் வேடிக்கை, நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் அலைந்து பரிணாமம் நடக்கும் வழியான இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த வாலஸ், பின்னாளில் ஆவிகளோடு பேசும் கூட்டங்களை நம்பினார். அந்த அளவுக்கு நான் போகவில்லை அண்ணே!