வரி நோட்டில் ஒரு பெயர்

என் தாத்தா மேலூர் பக்கத்து ஆள். கங்காணியின் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் திரும்பி வரவே இல்லை. நான் பிறந்தது மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மகள் மதுரையில் வாழ்க்கைப்பட்டாள், பேரன் பிறந்தான், நாமும் அங்கேயே போய்விடலாம் என்றாள் மனைவி. தாத்தாவின் பழைய காகிதங்களைத் தேடிப்பிடித்து, இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கி, ஒத்தக்கடையில் யானைமலை தெரிகிற மாதிரி ஒரு வீடு பார்த்துக் குடியேறிவிட்டோம். புது நாடு எப்படி இருக்கிறது என்று கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

வீடு பார்க்கும்போது தரகர் முதலில் கேட்டது, "வாடகைக்கா, ஒத்திக்கா சார்?" என்பது. ஒத்தி என்றால் பெரிய தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். நமக்கு இது புதிது. பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள் என்றாலும் அதற்கு முன்பே உங்கள் சம்பந்தி யார், எந்தத் தெரு என்று நன்றாக விசாரித்துவிடுகிறார்கள். இந்த விசாரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அட்டையைப் பொறுத்தவரை வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது. வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை, வந்து பாருங்கள்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வருஷம் முழுக்கப் பெய்கிறது, அதனால் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துத்தான் மிச்ச வருஷம். 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாகக் கால்வாயில் வருகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். டீக்கடையில் பேச்சு இதுதான்: அணையில் எத்தனை அடி, கால்வாய் எப்போது திறப்பார்கள், கடைமடைக்கு வந்து சேருமா. தண்ணீருக்காகக் காத்திருக்கும் மக்கள் ஒருவரையொருவர் விட்டுவிட்டு வாழ முடியாது. மேல்மடைக்காரன் எடுத்தது போகத்தான் கீழ்மடைக்காரனுக்கு. அதற்கு ஒரு முறை வேண்டும், முறையைக் காக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஊரில் மதிப்பு இருக்க வேண்டும். இவ்வளவும் யாரோ எப்போதோ உட்கார்ந்து பேசி உண்டாக்கியவை.

காலையில் நரசிங்கம் வரை நடக்கிறேன். யானைமலையின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி 770-இல் அதைச் செய்வித்தார். வேலை முடிவதற்குள் அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைச் செய்து முடித்தார் என்று அங்கே இருக்கும் கல்வெட்டே சொல்கிறது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து தம்பி எடுத்துச் செய்திருக்கிறான், நாமும் புதிதாக எதையும் யோசிக்க வேண்டும் என்று இல்லை, விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்தால் போதும். 2010-இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்குகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது.

"மாமா, நீங்க பக்கா பழமைவாதி" என்கிறார் மருமகன். இந்த ஊர் அரசியலில் அது வசவு மாதிரி. நான் மறுப்பதில்லை. ஓர் ஏற்பாடு நூறு வருஷம் நின்றிருக்கிறது என்றால், அதை வைத்திருப்பவனிடம் காரணம் கேட்கக் கூடாது. கலைக்க வருகிறவன்தான் காரணம் சொல்ல வேண்டும். இப்படி நான் நினைப்பதற்குப் புத்தகம் எதுவும் காரணமில்லை. நான் பிறந்த தோட்டம்தான் காரணம்.

அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, ஆடித் திருவிழா இருந்தது. ஒவ்வொரு குடும்பமும் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த காசில் கோபுரம் கட்டினார்கள். என் அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய் நின்று, பால்மரம் வெட்டி, மத்தியானம் திரும்பி வந்து அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தவள். மூன்று தலைமுறை இப்படிப் போனது. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வந்தது. செம்பனை போய் வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். கைமாறிய காகிதத்தில் கோயிலும் இல்லை, நாங்களும் இல்லை. ஓர் அடி நிலம்கூட எங்கள் பெயரில் கிடையாது. அம்மனைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் ஒதுக்கிய மனையில் வைத்தோம். சனங்கள் நாலாபக்கமும் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அடுத்த வருஷம் திருவிழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் தெருவில் உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான தமிழர்கள் இறங்கினார்களே, அதன் பின்னால் இப்படி இடிந்த கோயில்களின் வேதனையும் இருந்தது. கட்சிகள் அதற்குப் பிறகுதான் எங்களைத் தேடி வந்தன. நல்லவர்களும் வந்தார்கள், உதவியும் செய்தார்கள். ஆனால் போன ஊரை எந்தக் கட்சியாலும் திரும்பக் கட்டித் தர முடியவில்லை.

இங்கே வந்த பிறகு குலசாமியைத் தேடிப் போனேன். அப்பாவின் பழைய கணக்கு நோட்டில் மூன்று வார்த்தை எழுதியிருந்தது: ஊர் பெயர், கண்மாயின் பெயர், சாமியின் பெயர். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக் கடவுச்சீட்டு. மாசி மகாசிவராத்திரி அன்று போனால் எல்லாரும் அங்கே இருப்பார்கள் என்று சொன்னார்கள், போனோம். கண்மாய்க் கரையை ஒட்டிய கோயில்காடு. உசிலை, வேம்பு, பின்னிக் கிடக்கும் கொடிகள். அந்தக் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு, எழுதி வைத்திருக்கவில்லை. எண்பது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். "யாரு பேரன் தம்பி நீ?" என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன். தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், மூத்தவருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அவரே சொல்லி முடித்தார். "கப்பலேறிப் போனாருன்னு எங்கய்யா சொல்லுவாரு. அவரு வீடா நீ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோயில் வேலைக்கென்று ஒரு தொகை கொண்டுபோயிருந்தேன், கொஞ்சம் பெரிய தொகைதான். நீட்டினேன். பெரியவர் தொடவில்லை. "நன்கொடை ஊரான் யாரு வேணா குடுக்கலாம், தம்பி. ஒனக்கு வரி" என்றார். வரி எழுதுகிற ஆளைக் கூப்பிட்டார். நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு, மேலட்டையில் மஞ்சள் கறை, உள்ளே தலைக்கட்டு வாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாக, பெயர்கள். என் பெயரைக் கடைசியில் எழுதவில்லை. பெரியவர் நடுப்பக்கத்தைத் திருப்பச் சொல்லி, தாத்தாவின் தம்பி வகையறா பெயர்களுக்குக் கீழே இருந்த இடுக்கில் எழுதச் சொன்னார். எல்லாருக்கும் என்ன வரியோ அதேதான் எனக்கும், ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. "இனி வந்தாலும் வராட்டாலும் வரி வந்துரணும்" என்றார். விடியற்காலையில் கிடா வெட்டி, கறியைப் பனையோலை மேல் கூறு போட்டு வைத்தார்கள். எங்கள் தலைக்கட்டுக்கும் ஒரு கூறு. எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் விழுகிற மாதிரி ஒருவர் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்தார். பணக்காரன் கூறு, ஏழை கூறு என்று அங்கே கிடையாது. என் மனைவி அந்தக் கறியை முந்தானையால் மூடி, காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

நம் தோட்டத்தில் இல்லாதது இதுதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பக்தியும் உழைப்பும் ஒற்றுமையும் நம்மிடம் இருந்தன. ஆனால் நாம் காக்க வேண்டிய கடமை, நம்மை யாரும் கிளப்ப முடியாத உரிமை, இரண்டும் சேர்ந்து இருக்கிற ஒரு இடம் நமக்கு இல்லை.

அந்த இடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மேலூர் வட்டாரம் காட்டிவிட்டது. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் போனால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், ஊற்றுகள், குளங்கள், 2000 ஆண்டுக்கு மேல் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, சமணப் படுக்கை, குடைவரைச் சிவன் கோயில். சுமார் 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு எல்லாம் அங்கே உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய 2000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது என்று செய்தி வந்தது.

அந்த மாதமே கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லாக் கட்சியும் இதற்கு உரிமை கொண்டாடின, கொண்டாடட்டும். நடந்தவர்களைப் பார்த்தால் தெரியும். வயல் நாற்றை விட்டுவிட்டு வந்த பெண்கள், கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், தோளில் துண்டோடு பெரியவர்கள். அவர்களிடம் சுற்றுச்சூழல் என்று பேசுங்கள், தலையாட்டுவார்கள். எங்க சாமி, எங்க கண்மாய் என்று பேசினால்தான் எழுந்து நிற்பார்கள். இயற்கையைக் காக்க வேண்டும் என்று மாநாடு போடுகிறவர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம்.

ஆனால் முறையும் மரபும் இருந்தாலே மலை தப்பித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இதே மேலூர் வட்டாரத்தில்தான் கீழவளவு, கீழையூர் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளை அறுத்துக் கப்பலேற்றினார்கள். அந்த முறைகேட்டை விசாரிக்க 2014-இல் உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ்.ஸை நியமித்தது. ஊருக்குள்ளேயே காசு வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள், பயந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பேசுவதற்கு மதிப்பில்லை. மேலூர் பக்கத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்களும் மரபு என்றுதான் பேசினார்கள். எந்த நோட்டில் யார் பெயர் ஏறும், யார் பெயர் ஏறாது என்பதும் இந்த மண்ணின் பழைய கணக்குதான். அந்தக் கணக்கைத் திருத்தாமல் மற்றதைக் காக்க முடியாது. எனக்கு வழி காட்டுகிறவர் மதுரைக் காங்கிரஸ் தலைவராக இருந்த வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு போனவர். அவரோடு உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன், இதே மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டிக்காரர். ஐயர் கோயிலை வெறுத்து அதைச் செய்யவில்லை. மீனாட்சி எல்லாருக்கும் தாய் என்று நம்பித்தான் செய்தார். பழமையைக் காக்கிறவனுக்கு அந்த நெஞ்சுரம் வேண்டும்.

அரசியலில் எனக்கு ஓட்டு இல்லை, அதனால் எந்தக் கட்சிக்காரரும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. கிராம சபை நடந்தால் ஓரமாக நின்று கேட்கிறேன். வருஷத்துக்கு ஆறு முறை, அதில் மார்ச் 22 தண்ணீர் நாள். யார் வாய் திறக்கிறார்கள், அதிகாரி எழுதிக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். டெல்லியைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்துக்கு வராமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் குலசாமி ஊர்க் கண்மாயில் இப்போது பாதி இடத்தில் சீமைக்கருவேலம். ஒரு காலத்தில் குடிமராமத்து என்று ஊரே சேர்ந்து வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை, வெட்டியிருக்கிறது. கண்மாயை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, ஊர்க்காரர்கள் மனு எழுதுகிறவர்களாகிவிட்டார்கள். திட்டம் வரும்போது இயந்திரம் வரும், பில் போடுவார்கள், போய்விடுவார்கள். ஆவணிக்குள் வரத்துக்காலை நாமே தோண்டிவிடலாம் என்று பங்காளிகள் பேசியிருக்கிறார்கள். தலைக்கட்டுக்கு ஓர் ஆள் அல்லது ஆள் கூலி. எனக்கு முழங்கால் வலி, மருமகன் வருகிறேன் என்றிருக்கிறார்.

கிள்ளான், ஈப்போ நண்பர்களுக்கு ஒன்று. வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து ஊர் பெயர், கண்மாய் பெயர், சாமி பெயர் மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். தாத்தாவோடு பிறந்தவர்கள் பெயரையும் கேளுங்கள், அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். கோயில் எங்கே என்று இணையத்தில் தேடினால் கிடைக்காது. மேலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஊர் பெயரைச் சொல்லி ஆட்டோக்காரரைக் கேளுங்கள். மகாசிவராத்திரிக்கு வந்தால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.